நிலவுக்கு முன்னால் ஏழு

நம் ஹாஸ்டலில் ஆங்கிலப் பாட்டுக் கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் சிறுபான்மையினர்தான். இளையராஜாவும் ரஹ்மானும் ஆட்சி செய்த வராந்தாக்களில், ஏதாவது ஒரு மூலை அறையில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிதார் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மெஸ் அண்ணன் வரை எல்லோரும் அவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். 2007-ல் சேர்ந்து 2011-ல் வெளியே வந்த எங்கள் இ.சி.இ. செட்டில் அந்த நாலு பேரில் நானும் ஒருவன். எங்கள் அறையின் குலதெய்வம் பிங்க் ஃபிளாய்ட்.

அன்று எங்களுக்குப் பாட்டு என்பது சீனியர்கள் ஹார்ட் டிஸ்கில் விட்டுச் சென்ற சொத்து. அதில் மூன்று ஆல்பங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973), 'விஷ் யூ வேர் ஹியர்' (1975), 'தி வால்' (1979). பக்கத்திலேயே 'பழசு' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. 1967 முதல் 1972 வரை வந்த ஏழு ஆல்பங்கள் அதில். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதிலிருந்து 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டு மட்டும் ஓடும். மற்றதில் எதையாவது போட்டால், "டேய், மிக்ஸிக்குள்ள ஸ்பூன் மாட்டின மாதிரி இருக்குடா, நிறுத்து" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வரும்.

2025 ஏப்ரலில் இவர்களுடைய பழைய பாம்பெய் படத்தைச் செப்பனிட்டு மறுபடி திரையிட்டார்கள். அதைப் பார்த்த வேகத்தில் அந்த ஏழு ஆல்பங்களையும் வரிசையாக, வாரத்துக்கு ஒன்று என்று, ஆபீஸ் பஸ்ஸில் போக வரக் கேட்டேன். ஏழு வாரம் முடிந்தபோது ஒரு டீம் எப்படி உருவாகிறது, எப்படி உடைகிறது, மறுபடி எப்படி எழுந்து நிற்கிறது என்ற வரலாறு முழுசாகத் தெரிந்தது. அது இன்றைய மாணவர்களுக்கும், வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆன நமக்கும் உதவும் என்று தோன்றியதால் இந்த மலரில் எழுதுகிறேன்.

கல்லூரியில் தொடங்கிய கதை

இந்தக் குழு பிறந்ததும் ஒரு கல்லூரி வகுப்பில்தான். லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் 1962-ல் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்தவர்கள் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும். (அந்தப் பாலிடெக்னிக்தான் இப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம்.) ரைட்டுக்குப் படிப்பு ஒத்துவரவில்லை, சீக்கிரமே இசைப் பக்கம் போய்விட்டார். மற்ற இருவரும் டிராயிங் போர்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே வாத்தியக் குழு நடத்தினார்கள். சிக்மா 6, அப்டாப்ஸ், டீ செட் என்று வருஷத்துக்கு ஒரு பெயர். நம் கல்லூரிக் கலைவிழாக் குழுக்களுக்கும் இப்படித்தானே பெயர் மாறும்!

1964-ல் கேம்பிரிட்ஜ் ஊர்க்காரரான சிட் பாரெட் ஓவியம் படிக்க லண்டன் வந்தார். வாட்டர்ஸுக்கு அவர் ஊரில் இருந்தே பழக்கம். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயர்களில் பாதியைப் பாதியோடு ஒட்டி 'பிங்க் ஃபிளாய்ட்' என்று வைத்தவர் அவர்தான். பாட்டு எழுதினார், பாடினார், கிதார் வாசித்தார். மற்ற மூவருக்கும் அவர் பின்னால் போனால் போதும் என்ற நிலை. 1966 கடைசியில் லண்டனில் யு.எஃப்.ஓ. கிளப் தொடங்கியபோது, திரையில் கலர் விளக்குகள் நெளிய நெளிய வாசிக்கும் குழு என்று இவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

முதல் ஆல்பம்

1967-ல் இ.எம்.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. லண்டன் அபே ரோடில் இருந்த அவர்களுடைய ஸ்டூடியோவில் ரெக்கார்டிங். அதே கட்டடத்தில் அதே நாட்களில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' செய்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்குத் தயாரிப்பாளராக வந்த நார்மன் ஸ்மித், 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவு செய்தவர். கையில் இருந்தது நாலு டிராக் டேப் ரெக்கார்டர். இன்று நம் செல்போனிலேயே அதைவிட அதிக டிராக் கிடைக்கும்.

'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' 1967 ஆகஸ்டில் வந்தது. கென்னத் கிரஹாமின் குழந்தைகள் நாவல் ஒன்றின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு அது. 11 பாட்டில் 8 பாரெட் தனியாக எழுதியவை. சைக்கிள், பூனை, சோளக்கொல்லைப் பொம்மை என்று சின்னப் பிள்ளையின் கண்ணால் பார்த்த விஷயங்கள். நடுவில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்று ஒன்பதரை நிமிஷத்துக்குப் பாட்டே இல்லாத வாத்திய இசை. அதன் கடைசிப் பகுதியில் சத்தம் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் மாறி மாறி ஓடும். ஹாஸ்டலில் ஒரே ஸ்பீக்கரில் கேட்டபோது இது தெரியவில்லை. இப்போது ஹெட்போனில் கேட்டால் பஸ்ஸில் தலை தானாகத் திரும்புகிறது.

நம் துறைக்காரர்களுக்காக ஒரு செய்தி. 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் ஒரு கச்சேரி. அரங்கத்தின் மூலைகளில் ஸ்பீக்கர் வைத்து, சத்தத்தை ஆட்களைச் சுற்றி ஓட விட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அபே ரோடு இன்ஜினியர் பெர்னார்ட் ஸ்பைட் அதற்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். நாலு ரியோஸ்டாட், 270 டிகிரி சுற்றுவதை 90 டிகிரிக்கு மாற்றி, நடுவில் ஒரே கைப்பிடி. கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் சத்தம் போகும். 'அசிமுத் கோ-ஆர்டினேட்டர்' என்று அதற்குப் பெயர். முதல் பெட்டி அந்தக் கச்சேரியோடு திருட்டுப் போனது. பிறகு செய்த ஒன்று இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு லேபில் நாம் தேய்த்துத் தேய்த்து ரீடிங் எடுத்தோமே, அதே ரியோஸ்டாட்தான்!

1968 ஜனவரி

முதல் ஆல்பம் வந்த சில மாதங்களிலேயே பாரெட் நிலைகுலைந்தார். எல்.எஸ்.டி. பழக்கம் ஒரு பக்கம், மனம் தாங்காதது ஒரு பக்கம். மேடையில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்க அவர் சும்மா நிற்பார். அல்லது ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த வருஷம் போன அமெரிக்கப் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரைக் கூடச் சேர்த்தார்கள். சில வாரம் ஐந்து பேர் குழுவாக ஓட்டிப் பார்த்தார்கள்.

1968 ஜனவரி கடைசியில் ஒருநாள் சவுத்தாம்ப்டனில் கச்சேரி. வண்டியில் கிளம்பினார்கள். சிட்டைப் போய் ஏற்றிக்கொள்வதா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். கூட்டம் இல்லை, கடிதம் இல்லை, சண்டைகூட இல்லை. அதன் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. ஏப்ரலில் அவர் விலகிவிட்டதாக அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 22.

அந்த ஜூனில் வந்த இரண்டாவது ஆல்பம் 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. இதில் பாரெட் எழுதியது ஒன்றே ஒன்று. கடைசிப் பாட்டு 'ஜக்பேண்ட் ப்ளூஸ்'. தான் அங்கே இல்லை என்பதைத் தானே பாடுகிற மாதிரி இருக்கும். நடுவில் சால்வேஷன் ஆர்மி பேண்ட் ஒன்று நுழைந்து கலைத்துவிட்டுப் போகும். ஹாஸ்டலில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். 35 வயதில் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு வேறு திசையைக் காட்டியது. 12 நிமிஷம். பாட்டு எழுதத் தெரிந்தவர் போய்விட்டார். மிச்சம் இருப்பவர்களில் இரண்டு பேர் கட்டடக் கலை படித்தவர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு காகிதத்தில் மேடும் பள்ளமுமாகப் படம் வரைந்து, கட்டடத்துக்குப் பிளான் போடுகிற மாதிரி இசைக்குப் பிளான் போட்டார்கள். இங்கே அழுத்தம் ஏற வேண்டும், இங்கே இறங்க வேண்டும் என்று. கில்மோர் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். என் கணக்கில், பின்னால் உலகம் அறிந்த பிங்க் ஃபிளாய்ட் அந்தக் காகிதத்தில்தான் பிறந்தது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கட்டினார்கள்.

தலைவர் இல்லாத வருஷங்கள்

அடுத்த மூன்று ஆல்பங்கள் தடுமாற்றம். 'மோர்' (1969) பார்பே ஷ்ரோடர் எடுத்த ஒரு படத்துக்கான இசை. அவசரத்தில் செய்தது, ஆனாலும் ஒன்றிரண்டு மெதுவான பாட்டுகள் அருமை.

அதே 1969-ல் வந்த 'உம்மகும்மா' இரட்டைத் தட்டு. ஒன்று மேடைக் கச்சேரி. மற்றொன்றை நாலாகப் பங்கு போட்டு, ஆளுக்குக் கால் பாகம், அவரவர் இஷ்டம். மேசன் தன் பங்குக்கு டிரம்ஸ் அடித்து, புல்லாங்குழலுக்குத் தன் மனைவியை அழைத்துக்கொண்டார். கில்மோர் தன் பாட்டுக்கு வரி எழுதித் தரச் சொல்லி வாட்டர்ஸைக் கேட்க, அவர் முடியாது என்றுவிட்டார். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நாலு பேரும் தனித்தனியாகச் செய்து, கடைசி நாள் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் உழைப்பு; மொத்தமாக ஒரு ப்ராஜெக்ட் இல்லை.

'ஆட்டம் ஹார்ட் மதர்' (1970) அட்டையில் ஒரு மாடு மட்டும். குழுவின் பெயர்கூடக் கிடையாது. அணுசக்தியில் இயங்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஒரு பெண்மணி பற்றிய பத்திரிகைத் தலைப்பிலிருந்து பெயர் எடுத்தார்கள். தலைப்புப் பாட்டு 23 நிமிஷத்துக்கு மேல். இதற்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. அபே ரோடில் அப்போதுதான் எட்டு டிராக் மெஷின் வந்திருந்தது. ஒரு அங்குல அகல டேப்பை வெட்டி ஒட்டக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டுவிட்டது. ஆகவே வாட்டர்ஸும் மேசனும் பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் 23 நிமிஷமும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதாயிற்று. இயல்பாகவே வேகம் அங்கங்கே கூடிக் குறைந்தது. அதன் மேல் பித்தளை வாத்தியங்களையும் கோரஸையும் பொருத்துவதற்குள் ரான் கீசின் என்ற இசையமைப்பாளர் படாத பாடு பட்டார். இங்கிலாந்துப் பட்டியலில் இவர்களுக்கு முதன்முதலாக முதல் இடம் வாங்கித் தந்தது இதுதான். ஆனால் வாட்டர்ஸும் கில்மோரும் பின்னாளில் இதைத் தூக்கி எறிந்தே பேசினார்கள்.

நான் இப்போது கேட்டபோது ஒன்று கவனித்தேன். 'உம்மகும்மா'வில் நாலு தனி ஆள். 'ஆட்டம் ஹார்ட் மதர்' கட்டுக்கோப்பு குறைந்ததுதான். ஆனாலும் அதில் நாலு பேரும் ஒரே சுமையைத் தூக்குகிறார்கள். கொஞ்சம் கோணலாகத் தூக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு 'பிங்' சத்தம்

1971 ஜனவரியில் ஸ்டூடியோவுக்குப் போனபோது கையில் பாட்டே இல்லை. தோன்றியதை எல்லாம் துண்டு துண்டாகப் பதிவு செய்து, 'ஒன்றுமில்லை 1', 'ஒன்றுமில்லை 2' என்று 24 வரைக்கும் நம்பர் போட்டார்கள். அதில் ஒரு துண்டு: ரைட் பியானோவில் ஒரே ஒரு கட்டையைத் தட்டினார். சத்தம் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வந்தது. லெஸ்லிக்குள் சத்தம் வரும் பகுதி சுழலும். நம்மை நோக்கி வரும்போது சுருதி ஒரு இழை கூடும், விலகும்போது குறையும். முதலாண்டு ஃபிசிக்ஸில் படித்த டாப்ளர் விளைவு. தண்ணீருக்கடியில் சோனார் அடிக்கிற மாதிரி 'பிங்' என்று கேட்டது. அந்த ஒரு 'பிங்'கிலிருந்து வளர்ந்ததுதான் 23 நிமிஷ 'எக்கோஸ்'. 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் அதுதான்.

அதன் நடுவில் ஏதோ கடல் பிராணி அலறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டு அறையில் கேட்டுப் பயந்தவர்கள் நம்மில் உண்டு. அது கில்மோரின் கிதார். வா-வா பெடலில் உள்ளே போகும் வயரையும் வெளியே வரும் வயரையும் மாற்றிச் செருகினால் அந்த ஓலம் வரும். தவறாகக் கனெக்ஷன் கொடுத்தால் லேபில் நமக்குத் திட்டு; இவர்களுக்கு ஒரு காவியம்.

'மெடில்' தொடங்கும் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டிலும் ஒரு நுட்பம். சுழலும் காந்த டிரம்மில் சத்தத்தைப் பதித்து, தள்ளித் தள்ளி வைத்த ஹெட்களால் திரும்ப எடுக்கும் பின்சன் எக்கோரெக் என்ற கருவி. பேஸ் கிதாரை அதன் வழியே விட்டதும், ஒருமுறை மீட்டியது பலமுறை குதிரை ஓட்டமாகத் திரும்புகிறது.

1971 அக்டோபரில் இத்தாலியில் பாம்பெய் இடிபாடுகளுக்கு நடுவே, பழைய ரோமானிய அரங்கத்தில், பார்வையாளரே இல்லாமல் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். மின்சாரம் போதாமல் ஊர் நகர மண்டபத்திலிருந்து நீளமாகக் கேபிள் இழுத்தார்கள். ஒரு கட்டத்தில் மேசன் கையிலிருந்து டிரம் குச்சி நழுவிப் பறக்கும். மனிதர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போவார். பாரெட் போன பிறகு இந்தக் குழு தன் காலில் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படத்தைப் பாருங்கள்.

எட்டாவது

ஏழாவதான 'அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்' (1972) மறுபடி ஷ்ரோடரின் ஒரு படத்துக்காகச் செய்தது. பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் சுமார் இரண்டு வாரத்தில் முடித்தார்கள். 'மோர்' சமயத்தில் தள்ளாடியவர்கள் அதே அவசரத்தில் இப்போது அலட்டாமல் வாசிக்கிறார்கள். வித்தியாசம் மூன்று வருஷ உழைப்பு.

அப்போது எட்டாவது ஆல்பம் ஏற்கனவே மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. 1972 ஜனவரியிலிருந்து ஊர் ஊராக வாசித்துத் திருத்தி, 1973 மார்ச்சில் தட்டாக வெளியிட்டார்கள். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மொத்தம் 14 வருஷத்துக்கு மேல் இருந்த ஆல்பம். அந்த முக்கோணக் கண்ணாடி போட்ட டீ-ஷர்ட் நம் ஹாஸ்டல் கொடியில் காயாத வருஷம் இல்லை. பாட்டைக் கேட்காதவர்களும் போட்டிருப்பார்கள்.

ஏழையும் கேட்டுவிட்டு எட்டாவதுக்கு வந்தால், அதில் பல உதிரி பாகங்கள் பழைய சரக்கு என்று தெரிகிறது. 'அஸ் அண்ட் தெம்' மெட்டு 1970-ல் வந்த அன்டோனியோனியின் ஒரு படத்துக்காக ரைட் போட்டு, டைரக்டர் வேண்டாம் என்று ஒதுக்கியது. 'டைம்' பாட்டில் அலறும் கடிகாரங்களுக்கு ஒரு முன்னோடி, பாரெட்டின் 'பைக்' பாட்டு முடியும் இடத்தில் கேட்கும் கடிகார யந்திரச் சத்தம். நீண்ட பாட்டைக் கட்டும் பிளான் 'சாசர்ஃபுல்'லில் வந்தது. நாலு பேரும் சேர்ந்து தாங்கும் பழக்கம் 'எக்கோஸ்'லில் வந்தது. ஒதுக்கப்பட்டது, உடைந்தது, பாதியில் விட்டது எதையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. ஐந்து வருஷம் கழித்துத் தக்க இடத்தில் பொருத்தினார்கள்.

அரியர் வைத்திருக்கும் தம்பிகளே, கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராத தங்கைகளே, இதை உங்களுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். பார்க்கிறவர்களுக்கு எட்டாவதுதான் தெரியும். முதல் ஏழும் 'பழசு' என்ற ஃபோல்டரில் கிடக்கும். உங்களுடைய 'ஒன்றுமில்லை' நம்பர்களையும் பத்திரமாக வைத்திருங்கள். கேட்கத் தொடங்குவதென்றால் 'மெடில்' முதலில், அப்புறம் 'சாசர்ஃபுல்', அப்புறம் 'பைப்பர்'. 'உம்மகும்மா'வைக் கடைசியில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

அங்கே இல்லாதவர்

பாரெட்டின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1970-ல் இரண்டு தனி ஆல்பங்கள் போட்டார். அவற்றை முடித்துக் கொடுக்கக் கூட இருந்தவர்கள் கில்மோரும் வாட்டர்ஸும் ரைட்டும். பிறகு இசையை விட்டு விலகினார். 1975 ஜூனில், அவரை நினைத்தே எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டு தயாராகிக்கொண்டிருந்த நாட்களில், அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் ஒரு பருத்த ஆள் வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்திருந்தது. யாரென்று உடனே யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் சிட். கூடப் படித்து, கூட வாசித்தவர்களுக்கே ஏழு வருஷத்தில் அடையாளம் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு கேம்பிரிட்ஜில் ஓவியம் வரைந்துகொண்டும் தோட்டம் போட்டுக்கொண்டும் தனியாக வாழ்ந்து 2006 ஜூலையில் காலமானார். ரைட் 2008 செப்டம்பரில் போனார்; நாங்கள் அப்போது இரண்டாம் ஆண்டு. அன்று ராத்திரி மூலை அறையில் 'எக்கோஸ்' இரண்டு தடவை ஓடியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேசன் 2018-ல், தன் 74-ஆம் வயதில், 1973-க்கு முந்தைய பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் குழு ஒன்று தொடங்கினார். பெயர் 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. கோடிக்கணக்கில் விற்ற பாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு, அவர் திரும்பிப் போனது அந்த 'பழசு' ஃபோல்டருக்குத்தான். அங்கேதான் சிட் இருக்கிறார்.

இந்த மலரின் பின்பகுதியில் நம் செட் வாரியாக முகவரிப் பட்டியல் வரும். சில பெயர்களுக்கு எதிரே 'முகவரி தெரியவில்லை' என்று இருக்கும். எங்கள் செட்டில் அப்படி ஒரு பெயர் உண்டு. மூலை அறையின் நாலு பேரில் ஒருவன். கிதாரில் 'எக்கோஸ்' முழுவதும் வாசிப்பான். சர்க்யூட் பார்த்தவுடன் விடை சொல்வான். ஐந்தாம் செமஸ்டரில் வகுப்புக்கு வருவது குறைந்தது, ஆறாவதில் நின்றுவிட்டது. அவனுக்கும் எங்களுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் டூர் பஸ் கிளம்பியது; அவன் வரவில்லை. அப்புறம் எல்லோருக்கும் பிளேஸ்மென்ட், ஃபேர்வெல், ஆட்டோகிராஃப்.

பட்டம் வாங்காதவர்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறதா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் படித்திருந்தாலும் நம் செட்தான் என்றார். ஆகவே இந்தச் சந்திப்புக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செட்டில் எதிரே முகவரி இல்லாத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒருவரைத் தேடுங்கள். பழைய ஊர், பழைய தெரு, அண்ணன் தம்பி யாராவது என்று கேட்டால் கிடைத்துவிடும். அவர் பெரிய ஆளாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம். இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். நான் தேட ஆரம்பித்துவிட்டேன். கிடைத்தால் அடுத்த சந்திப்புக்குக் கூட்டி வருகிறேன், கிதாரோடு. அதுவரை மூலை அறைக்காரர்கள் அனைவருக்கும் என் அன்பும் வாழ்த்தும்.